ஒரு வளவு, பல அடுப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடியாபட்டி, ராயவரம், அரிமளம், கோனாபட்டு என்று செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களைப் பார்க்க வருபவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும், ஆத்தங்குடித் தரையையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரையும் வியந்துவிட்டுப் போகிறார்கள். மூன்று தலைமுறையும் சேர்ந்து வாழ இன்று புது வீடு கட்டுபவர்களும் அந்தத் தூணையும் தரையையுமே கேட்கிறார்கள். எனக்கோ அந்த வீடுகளில் பெரிதாகப் படுவது அடுப்படி.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடியும். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை அவனுக்கு. பிறகு அவனை 'வேறு வைப்பார்கள்': அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் செலவுப் பணமும். மாமியாரும் மருமகளும் ஒரே சட்டிக்காக முட்டிக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் வருவார்கள். கூட்டுக் குடும்பம் என்றாலே ஒரே உலை என்று நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்.

இக்குடும்பங்கள் பலவும் கொண்டுவிற்கக் கடல்கடந்து போன ஊர்களில் வியட்நாமின் சைகோனும் ஒன்று. அங்கே அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியருக்கும் பல தலைமுறை ஒரே வீட்டில் வாழ்வது பெருமை. ஹுவே நகரத்துப் பழைய மரவீடுகளில் நடுப்பகுதி முன்னோர் பீடத்துக்கு உரியது. புழங்கும் இடங்கள் அதன் இருபுறமும் அமையும். புத்தாண்டுக்கும் முன்னோர் நினைவு நாளுக்கும் பிள்ளைகள் அங்கே திரும்புகிறார்கள். இங்கே முன்னோருக்கான படைப்புக்குப் பங்காளிகள் கூடுவதும் அதே காரணத்தால்தான். இரு மரபிலும் பிரிந்தவர்களைக் கூட்டுவது முன்னோருக்கான இடம்.

ஆனால் பொறுப்பில் இரண்டும் வேறுபடுகின்றன. அங்கே வழிபாட்டுக்கென ஒதுக்கிய சொத்து வழக்கமாக மூத்த மகனிடம் போகும். வீட்டைக் காக்க ஓர் ஆள் உண்டு. விருந்துச் சமையலின் சுமை மட்டும் அவன் மனைவி தலையில். இங்கே மரபுப்படி மகன்களுக்குச் சம பங்கு. நியாயம்தான், ஆனாலும் எல்லோருக்கும் உரிய வீட்டைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. ராயவரத்தில் ஒரு வளவில் நின்றபோது பார்த்தேன்: எட்டுக் கதவில் மூன்றில் துருப்பிடித்த பூட்டு. ஓர் அறைக்கு மேலே ஓடு விலகி, மழைத்தண்ணீர் அடுத்த அறைச் சுவரில் பச்சையாக இறங்கியிருந்தது. அடுத்த அறைக்காரரால் அந்தப் பூட்டைத் திறக்கவும் முடியாது, ஓட்டை மாற்றவும் முடியாது. பர்மாவிலும் சைகோனிலும் தொழில் முடிந்து வருமானம் நின்றபின், பல வீடுகள் இப்படித்தான் தூண் தூணாக விலைக்குப் போயின.

இதைவிடப் பெரிய குறை பெண்களுக்கு நேர்ந்தது. முகப்பு ஆண்கள் வசம். கணவர் மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறிவிட, மனைவியின் நாள் பின்கட்டுப் புகையில் கழிந்தது. மகளுக்கென்று அறையே கிடையாது. பிறந்த வீட்டுக்கு அவள் விருந்தாளி. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழகத்தில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தது. அந்தச் சுவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எழும்பிவிட்டன.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கல்லும் மரமும் காக்கப்படட்டும். புது வீடு கட்டுபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை தனி அடுப்பு, பொது வளவு, முன்னோருக்கு ஓர் இடம், இந்த மூன்றும். சேர்க்க வேண்டியவை மகளுக்கும் ஓர் அறை, படியேற முடியாத ஆயாவுக்குத் தரைத்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை, விலகிய ஓட்டை யார் மாற்றுவது என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாள். அந்தத் தாளை எழுதிவிட்டு வரைபடத்துக்குப் போகலாம்.