பாணியில் இருக்கும் நெருப்பு

கெட்டியாக உறைந்த எருமைத் தயிரில் ஒரு வெட்டு எடுத்து, அதன் மேல் கித்துள் பாணியைச் சரியுங்கள். நாக்கு இனிப்பை அறிவதற்கு முன்னமே மூக்கு புகையை அறிந்துவிடும். நற்பிட்டிமுனையிலும் கல்முனைக் கரையோரத்து மற்ற ஊர்களிலும் தயிர்ச் சட்டிக்குப் பஞ்சமில்லை. பாணிதான் மலைப்பக்கத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் போத்தலில் வரவேண்டும். அந்தப் போத்தலைத் திறந்ததும் எழும் புகைமணத்துக்காகவே அதைத் தேடி வாங்குகிறவன் நான்.

கித்துள் பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்கும் சாறு சீக்கிரம் புளித்துவிடும். அதைத் தடுக்க முட்டிக்குள் ஹல் மரப்பட்டை போடுவார்கள். இறக்கிய கையோடு வடித்து அடுப்பிலேற்றினால், ஏழெட்டு லீற்றர் வற்றி ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். அடுப்பு திறந்த அடுப்பு. சுவாலை சட்டியின் அடியைத் தாண்டி விளிம்புவரை ஏற, புகை சுருண்டு சாற்றின் மேல் படியும். முதலில் நுரை வெள்ளையாய்ப் பொங்கும். விறகை வெளியே இழுத்தால் அடங்கும். பிறகு நிறம் பழுக்கும், குமிழி கனத்து மெதுவாக வெடிக்கும். கரண்டியிலிருந்து பாணி நூலாக இறங்குகிற அந்தப் பதத்தில் சட்டியை இறக்கத் தெரிவதுதான் கைவண்ணம்.

கனடாவில் எங்கட சனங்கள் நிறைந்த ஒன்ராறியோவிலும், அதற்குக் கிழக்கே கியூபெக்கிலும், இதே வேலையை மேப்பிள் மரத்துச் சாற்றில் செய்கிறார்கள். அந்தச் சாற்றில் சர்க்கரை இரண்டு சதவீதம் அளவுதான். நாற்பது லீற்றர் வற்றினால்தான் ஒரு லீற்றர் பாணி. அகலத் தட்டின் கீழே நீண்ட அடுப்பில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது கதவைத் திறந்து விறகு திணிக்க வேண்டும். திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று புகுந்து கொதி தளரும். சாறு வருவது தடைப்பட்டாலோ இன்னும் மோசம். எரிகிற விறகை உடனே அணைக்க முடியாது, தட்டு கருகிவிடும்.

அதனால் பலர் விறகடுப்பை எண்ணெய் அடுப்பாக மாற்றிக்கொண்டார்கள். விறகு தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றி, உள்ளே தீச்செங்கல் அடுக்கிச் சுவரையும் தரையையும் காப்பார்கள். கதவிருந்த முன்பக்கத்தில் வட்டமாகத் துளைத்துப் பர்னரைப் பொருத்துவார்கள். பம்ப் எண்ணெயை நுண்ணிய துளை வழியாகத் தூவலாக்க, விசிறி காற்றைக் கலந்து ஊதும். தூவும் அளவு தட்டின் பரப்புக்குப் பொருந்த வேண்டும். சுவாலை நேராகத் தட்டில் மோதினால் எண்ணெய் முழுமையாக எரியாமல் கரி படியும். கரி படிந்தால் சூடு ஏறாது. இவ்வளவும் சரியாக அமைந்தால் கொதி ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே சீராக நிற்கும். சுவிட்சைத் தட்டினால் தீ அணையும். இதுவும் ஒரு கைவினைதான் என்பேன்.

விறகில் காய்ச்சிய மேப்பிள் பாணிதான் ருசி என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அடுப்பில் புகை தட்டின் அடியால் ஓடிப் புகைக்கூண்டால் வெளியேறிவிடுகிறது. சாற்றைத் தொடுவதே இல்லை. ருசியை மாற்றுவது நேரம். சாறு எவ்வளவு நேரம் சூட்டில் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நிறமும் கனமும் ஏறும். கொதி தளராத எண்ணெய் அடுப்பில் சாறு சீக்கிரம் வற்றி இளநிறப் பாணியாக வரலாம். அங்கே மாற்றத்தால் எதுவும் பறிபோகவில்லை.

கித்துளின் கதை வேறு. கேஸ் அடுப்பில் காய்ச்சிய கித்துள் பாணி சுத்தமாக இருக்கும், சீராக இருக்கும், என் நாக்குக்கு அரைப் பாணியாகவே இருக்கும். ஆனாலும் அடுப்படியில் குந்தியிருந்து அந்தப் புகையை மணிக்கணக்காக விழுங்குகிறவர்களின் நெஞ்சு என் ருசியைவிடப் பெரிது. அவர்கள் கேஸுக்கு மாறினால் அதே விலை கொடுத்து வாங்குவேன்.

எந்த அடுப்பில் காய்ச்சியதானாலும் சீனி கலந்ததை மட்டும் வாங்காதீர்கள். சீனிப் பாணி நாக்கில் பட்ட உடனே இனித்து, உடனே தீர்ந்துவிடும். நல்ல கித்துள் பாணி மெதுவாக வரும். இனிப்பு போன பிறகும் மெல்லிய துவர்ப்பு அடிநாக்கில் நிற்கும். தயிரில் விடுமுன் ஒரு துளியை வெறும் விரலில் தொட்டுப் பாருங்கள்.