கதரா, கைத்தறியா?

அண்ணனூர் ஸ்டேஷனில் எதிர்வீட்டுக்காரர் புதுச் சட்டையில் நின்றிருந்தார். ‘‘கதர் சார்! கடை போர்டுலயே போட்டிருந்தான்’’ என்று காலரைத் திருப்பிக் காட்டினார். லேபிளில் ‘கைத்தறி’ என்று இருந்தது. சொன்னேன். ‘‘ரெண்டும் ஒண்ணுதானே?’’ என்றார்.

இல்லை. நம்மில் பாதிப்பேர் இப்படித்தான் குழப்பிக் கொள்கிறோம். கடைக்காரர்களுக்கு அது வசதி!

விஷயம் ரொம்ப சிம்பிள். நூலை நூற்றது யார், துணியை நெய்தது யார்? இரண்டும் கையால் நடந்திருந்தால் கதர். மில் நூலை வாங்கிக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறித் துணி மட்டுமே. ஆக, கதர் எல்லாமே கைத்தறியில் நெய்ததுதான். கைத்தறியில் நெய்ததெல்லாம் கதர் ஆகாது. இது என் வியாக்கியானம் இல்லை. 1956-ம் வருட கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டமே, இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு, கம்பளி நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் கதர் என்கிறது. அடையாளங்களும் தனித்தனி. கைத்தறிக்கு 2006-ல் ஒரு முத்திரை வந்தது. கதருக்கு ‘காதி மார்க்’ விதிமுறைகள் 2013-ல் வந்தன.

‘பேரில் என்ன இருக்கு, துணி நல்லாருந்தா சரி’ என்பீர்கள். நான் பி.காம். படித்தவன். இரண்டு ஆசாமிகளின் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதினால், ஒருத்தர் பணம் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். இங்கே காணாமல் போவது ராட்டையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலி. நீங்கள் கதர் என்று நம்பிக் கூடுதலாகக் கொடுத்த காசில் அவளுக்குச் சல்லிக்காசு போகாது. அதற்காகக் கைத்தறி மட்டம் என்று அர்த்தமில்லை. தறிக்குழியில் கால் மரத்துப் போக நெய்கிறவருக்கு அவர் பெயரிலேயே மரியாதை உண்டு. கதர் என்ற இரவல் பெயர் எதற்கு? இதில் விசைத்தறித் துணியையும் ‘காதி லுக்’ என்று தள்ளிவிட்டால், இரண்டு பேருக்கும் நாமம்தான்.

தேசியக் கொடிக்குக் கதர்தான் என்றிருந்த விதியை 2021 டிசம்பரில் தளர்த்தி, பாலியஸ்டரையும் மெஷினையும் அனுமதித்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் பாலியஸ்டர் கொடியைக் கதர் கொடி என்று யாரும் சொல்லவில்லையே! அந்த நேர்மை கடை போர்டுக்கும் வேண்டும்.

எதிர்வீட்டுக்காரரிடம் இவ்வளவும் சொல்வதற்குள் ஆவடி வண்டி வந்துவிட்டது. ‘‘அப்ப இது கதர் இல்லையா?’’ என்றார் பரிதாபமாக.

‘‘கதர் இல்லை சார். நல்ல கைத்தறி. அப்படியே சொல்லிப் போட்டுக்குங்க!’’