மழையை அளக்கிறதா, மதிப்பிடுகிறதா?

புயல் கடந்த மறுநாள் செய்திகளில் வண்ண வரைபடம் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். பச்சை என்றால் சிறுமழை, சிவப்பு என்றால் பெருமழை. 'செயற்கைக்கோள் அளந்த மழை' என்பது அதற்கு இடப்படும் தலைப்பு. இந்த 'அளந்த' என்னும் சொல் சரிதானா?

முதலில் உரிய பாராட்டைச் செலுத்திவிடுவோம். உலகிலுள்ள மழைமானிகளின் வாய்களையெல்லாம் அருகருகே வைத்தாலும் ஒரு கால்பந்துத் திடலில் பாதிகூட நிரம்பாது என்று 2017-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். கடலின் மேல் மானிகள் மிகமிக அரிது. இக்குறையைப் போக்க அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997-இல் டி.ஆர்.எம்.எம். என்ற கோளை ஏவின. விண்வெளிக்குச் சென்ற முதல் மழை இராடார் அதில்தான் இருந்தது. அதன் வாரிசான ஜி.பி.எம். கோள் 2014-இல் ஏவப்பட்டது. அதனுடன் பல கோள்களின் தகவல்களையும் இணைத்து, அரைமணிக்கு ஒரு முறை, ஏறத்தாழ 10 கி.மீ. கட்டங்களாக மழைப்படம் வரைகிறார்கள். நடுக்கடலில் பெய்யும் மழையை அறிய இது பேருதவி.

ஆனால், கோள் மழைநீரைப் பிடித்து அளப்பதில்லை. கீழிருந்து வரும் நுண்ணலைகளைப் பெற்று, அவற்றிலிருந்து மழையைக் கணிக்கிறது. கடற்பரப்பு நுண்ணலைகளைக் குறைவாகவே வெளியிடும். ஆகவே அதன்மேல் மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும். நிலமோ தானே மிகுதியாக வெளியிடுவதால், துளிகள் அதனுள் மறைந்துவிடும். அங்கே மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் அலைகளைச் சிதறடிப்பதைப் பார்த்தே, கீழே பெய்யும் மழையை ஊகிக்க வேண்டும்.

அப்படியானால், பனித்துகள் அதிகமில்லாத தாழ்ந்த மேகம் கொட்டினால் என்ன ஆகும்? மழை குறைவாக மதிப்பிடப்படும்! மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழையின்போது இக்குறை தென்படுகிறது.

இராடார் இருக்கிறதே என்பீர்கள். அது காண்பது குறுகிய ஒரு பட்டையை மட்டுமே. கோள்கள் எவையும் கடந்து செல்லாத நேரங்களில், மழை நகரும் போக்கையும் மேக உச்சியின் குளிர்ச்சியையும் கொண்டு இடைவெளி நிரப்பப்படுகிறது. மழையே தராத உயர்ந்த மெல்லிய மேகமும் குளிர்ந்தே இருக்கும் என்பதை மறக்கலாகாது.

பனிப்பொழிவில் சிக்கல் இன்னும் பெரிது. தரையில் முன்பே கிடக்கும் பனியும், வானிலிருந்து விழும் பனியும் நுண்ணலைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். தரையின் எதிரொலி குறுக்கிடுவதால், கடைசி ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது இராடாருக்கும் தெரிவதில்லை. பனிப்பொழிவோ பல வேளைகளில் அந்தத் தாழ்வான அடுக்கிலேயே நிகழ்கிறது. இமயத்தின் பனியைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினமாக இருப்பதற்கு இவையும் காரணங்கள்.

இதனால் கோள்கள் வீண் என்பதல்ல நம் கருத்து. சில மணி நேரத்தில் வெளிவரும் படம் அவசரத்துக்கு உதவுகிறது. ஆனால், சுமார் மூன்றரை மாதங்கள் கழித்து வெளியாகும் இறுதிப் படம்தான் அந்தந்த மாதத்து மழைமானி அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகிறது. ஆம், விண்கலத்துக்கு உரைகல் தரையிலுள்ள மழைமானியே! 'வானில் கோள் இருக்க மானி எதற்கு?' என்று கேட்டு மானிகளைக் கைவிட்டால், கோளின் பிழையைக் கண்டறியும் வழியையும் இழப்போம்.

அடுத்த முறை வண்ணப்படத்தைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது கடலா, மலையா? மழையா, பனியா? உடனடிப் படமா, திருத்திய படமா? விடை தெரிந்த பிறகு சிவப்பையும் பச்சையையும் நம்புங்கள்.