தட்டிப் பார்க்கும் காது

கிராண்ட் பேங்க்ஸ் மோட்டார் படகுகள் 1973-இல் மரத்திலிருந்து ஃபைபர்கிளாஸுக்கு மாறின. அந்தக் காலத்துப் படகு ஒன்றை வாங்கப் போகும்போது அது கவனிப்பாரற்றுக் கிடந்தால், உரிந்த வார்னிஷைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். தேய்த்துப் பூசினால் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது உள்ளே இருப்பதை. வாங்குமுன் படகைச் சோதிக்கும் தேர்ந்த சர்வேயர் சின்னச் சுத்தியலால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நிம்மதி. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால், தளத்தின்மேல் பதித்த தேக்குப் பலகைகளை இறுக்கிய திருகாணித் துளைகள் வழியே தண்ணீர் இறங்கி, தளத்தின் உட்பகுதி ஊறிப்போயிருக்கலாம்.

அடுத்து என்ஜின் அறை. இந்தப் படகுகள் பலவற்றில் இருக்கும் ஃபோர்டு லேமன் டீசல் என்ஜின் முரட்டு உழைப்பாளி. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் டேங்க் துருப்பிடித்திருந்தால், அதை எடுக்க என்ஜினையே நகர்த்த வேண்டிவரலாம்; செலவு அங்கேதான் எகிறும்.

இத்தனையும் பார்த்தபின், அழகில் மயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும் கைதேர்ந்த ஆள் வேண்டும்.