பிடிக்காத பிடிகாரன்

"பிடிடா... அட, பிடிக்க மாட்டேங்குறானே!"

போடிக்கு அருகே ராசிங்காபுரம் பக்கம் மின்னொளி கபடி பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதில்லை. சிலமலை, தேவாரம், டொம்புச்சேரி என்று எந்த ஊரில் களம் போட்டாலும் இடது மூலையைப் பார்த்து யாராவது இப்படிக் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன். அந்த மூலையில் நின்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒருவன் இப்போது தொழில்முறை கபடியின் 'மேட்' விரிப்பில் நிற்கிறான். டிவி வர்ணனையாளர்கள் அதே சத்தத்தைக் கொஞ்சம் சட்டை போட்டு அனுப்புகிறார்கள்: "தயங்குகிறார்", "வாய்ப்பை விட்டுவிட்டார்", "இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்."

பெயர் சொல்லப் போவதில்லை. அணி எது என்றும் சொல்லப் போவதில்லை. எனக்கு அவன் ஆட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: கையை நீட்டாமல் வைத்திருக்கும் அந்த அரை நொடி.

ஒரு ரைடை எடுத்துக்கொள்வோம். பாடி வருகிறவன் இடது பக்கம் சாய்கிறான். பாக் கோட்டைத் தாண்டியாயிற்று. போனஸ் கோட்டுக்கு மேல் ஒரு காலை வைப்பதுபோல் காட்டுகிறான், வைக்கவில்லை. தூண்டிலில் புழு கோர்ப்பது இப்படித்தான். நம்மவன் குனிந்து நிற்கிறான். வலது கை, பக்கத்தில் லெஃப்ட் இன் நிற்பவனின் கையில் கோர்த்திருக்கிறது, இடது கை விரல்கள் விரிந்திருக்கின்றன. கணுக்கால் முழங்கையளவு தூரத்தில். கூட்டம் எழுந்து நிற்கிறது. அவன் அரை அடி பின்வாங்குகிறான், அவ்வளவுதான். கால் மறுபடி வருகிறது, மறுபடி அரை அடி. முப்பது வினாடி முடிகிறது, ரைடர் வெறுங்கையோடு நடுக்கோட்டுக்குத் திரும்புகிறான். ஸ்கோர்போர்டில் ஒன்றும் அசையவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கணக்கை மண்ணில் குச்சியால் போட்டுப் பார்க்கலாம். கை வைத்துத் தவறினால் எதிரணிக்கு ஒரு புள்ளி. அதோடு நிற்காது, மூலையில் நின்றவனும் வெளியே போய் உட்கார வேண்டும். இடது மூலைக்கு வேறு ஆள் நகர வேண்டும். அடுத்த ரைடர் நேராக அங்கேதான் வருவான். புது ஆள் தனக்குப் பழக்கமில்லாத கோணத்தில் பாய்ந்து அவனும் வெளியே. ஆல் அவுட் பலமுறை இப்படி ஒரு வீரப் பாய்ச்சலில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. யாரும் அதைப் பாய்ந்தவன் கணக்கில் எழுதுவதில்லை. "நல்ல முயற்சி" என்று முதுகில் தட்டிவிடுகிறார்கள்.

கை வைக்காவிட்டால்? ஒரு காலி ரைடு. அதேபோல் இன்னொன்று. மூன்றாவதுதான் நம் ஊர் மைக்காரர்கள் தொண்டை கிழியச் சொல்லும் "தேர்டு ரைடு". இனி ரைடர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவனே அவுட். காலைக் காட்டிவிட்டு இழுத்துக்கொள்ளும் விளையாட்டெல்லாம் அங்கே செல்லாது. உள்ளே வந்தே தீர வேண்டும். இப்போது பாருங்கள் நம்மவன் கையை. இரண்டு ரைடாகச் சும்மா கிடந்த அதே கை கணுக்காலில் கொக்கி மாதிரி விழுகிறது. அந்தப் பிடியை மட்டும் ரீப்ளேயில் நாலு கோணத்தில் காட்டுவார்கள். முந்தைய இரண்டு ரைடும் சேர்ந்துதான் அந்த ஒரு பிடி என்பதைக் காட்ட எந்தக் கேமராவும் இல்லை.

பயந்தாங்கொள்ளி என்பவர்களுக்கு இன்னொரு சாட்சி. அணி மூன்று பேராகச் சுருங்கட்டும். போனஸ் கிடையாது, பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. பேரம் மாறிவிட்டது. அப்போது அவன் ரைடர் பாக் கோட்டைத் தாண்டிய கையோடு தொடைக்குப் பாய்கிறான். ஆள் அதே ஆள்தான். தைரியம் ஏழு பேர் நிற்கும்போது தூங்கி, மூன்று பேர் நிற்கும்போது விழிக்குமா?

குறையே இல்லை என்றால் ஊர்ப்பாசம் என்பீர்கள். ஊர்ப்பாசம் இருக்கிறது, அது வேறு. குறையும் இருக்கிறது. ஆறு ஏழு பேர் நிற்கும்போது போனஸைச் சுலபமாக விட்டுவிடுகிறான். ஒரு புள்ளி போவதைவிட, காலி ரைடுக் கணக்கு அழிந்து, கட்டிக்கொண்டு வந்த வலை அறுவதுதான் பெரிய நட்டம். அவனைக் குறை சொல்கிறவர்கள் இதைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் அவர்கள் சொல்வது இதை இல்லையே.

இவன் ஏன் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை? மின்னொளிப் போட்டிகளில் "சிறந்த ரைடர்", "சிறந்த பிடிகாரர்" என்று இரண்டு கேடயம் உண்டு. பிடிக்காமல் நின்றவனுக்குக் கேடயம் கிடையாது. மாவட்டத் தேர்வில் பத்து நிமிடம் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பாய்ந்து புரண்டவன் உள்ளே, நின்றவன் வெளியே.

தொழில்முறை அணிகள் ஆளெடுப்பது ஏலத்தில். ஏலத்தைப் பற்றிப் போடிக்காரர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஏலக்காயைச் சலித்து, எட்டு மில்லிக்கு மேல் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிறதற்கு ஒரு விலை. கபடி ஏலத்தின் சல்லடைக்குக் கண் டேக்கிள் புள்ளிதான். அதில் நிற்காதவன் டி பிரிவு; 2023 ஏலத்தில் அதன் அடிப்படை விலை 9 லட்சம். நம்மவனும் அப்படிக் கீழே விழுந்த காய்தான். பெஞ்சில் கிடந்தான், ஒருவனுக்குக் காயம்பட்டபோது மேட்டில் இறங்கினான், அப்புறம் வெளியே எடுக்க முடியவில்லை.

மலைமேல் காயெடுக்கப் போகிறவர்கள் ஒரே சரத்தில் முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைப்பார்கள். இவன் கையும் அப்படி என்று எழுத ஆசைதான். அவனே படித்துவிட்டுச் சிரிப்பான்.

ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு அணிக்குப் பதினெட்டு பேர் ஆடும் ஒரு ஃபுட்பால் இருக்கிறது. அங்கே தற்காப்பு ஆட்டக்காரன் எதிராளி கைக்குப் பந்து போகாமல் காற்றிலேயே குத்தித் தட்டிவிடுவான். கோல் இல்லை, கேட்ச் இல்லை, கைதட்டலும் குறைவு. ஆனால் அந்த வேலைக்கு "ஒன் பெர்சென்டர்" என்று பெயர் வைத்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 2019இலிருந்து, சீசன் நடுவிலேயே ஒரு தேர்வு வைத்து, மாநில லீகுகளில் ஆடும் ஆட்களையும் எடுக்கிறார்கள். இளவயதில் ஒதுக்கப்பட்ட பலருக்கு அந்த வாசல் திறந்தது. நம் கபடியில் ரைடர் எத்தனை முறை காலியாகத் திரும்பினான் என்ற கணக்கு இருக்கிறது. யார் மூலையிலிருந்து காலியாகத் திரும்பினான் என்ற கணக்கை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

இனி ஜோசியம். அடுத்த ஏலத்திலும் இவனைக் குறைவாகத்தான் மதிப்பார்கள். எடுக்கிற அணி அதிர்ஷ்டத்தில் எடுக்கும், பிறகு தன் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ளும். இரண்டு சீசனுக்குள் யாராவது ஒரு லேப்டாப் பையன் அந்த மூலைக் கணக்கை எழுத ஆரம்பிப்பான், அன்றைக்கு விலை ஏறும். ரைடர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். இவன் மூலையை விட்டுவிட்டு வலது கவரை நோண்டுவார்கள், போனஸுக்கு மட்டும் இங்கே வந்துபோவார்கள். அதற்கு அவன் ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டும். என் ஊகம், லெஃப்ட் இன் நிற்பவன் ரைடரின் காலைத் தடுக்க, இவன் பின்னாலிருந்து வழியை அடைப்பான். வேண்டாத பாய்ச்சல் பாயாததால் முழங்காலும் தோளும் தேயாமல் முப்பதைத் தாண்டியும் ஆடுவான். கேப்டன் பட்டை வரும் என்றும் சொல்கிறேன். தப்பாகிப்போனால் தேவாரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்து வைத்துக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் ஜோசியம் வேண்டாமலே தெரியும். வருகிற தை மாதம் இங்கே களம் போடுவார்கள். இடது மூலையில் ஏதாவது ஒரு பொடியன் கையை மடக்கி வைத்துக்கொண்டு நிற்பான். ரைடரின் கால் அவன் முகத்துக்கு நேரே வரும். இத்தனையும் எழுதிய நான்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கத்தப்போகிறேன், "பிடிடா!" என்று.