ஒரே நிரல், ஐந்து திரைகள்

குறிப்பெடுக்கும் செயலிகளில் ஒரு காலத்தில் எவர்நோட்டுக்கு நிகரில்லை. வெளியிலிருந்து பார்க்க அது ஒரே செயலி. உள்ளேயோ விண்டோஸ், மேக், ஐபோன், ஆண்ட்ராய்டு, இணையம் என ஐந்துக்கும் தனித்தனி நிரல். ஒன்றில் எழுதிய குறிப்பு இன்னொன்றில் கோணலாகத் தெரியும். ஒரு வசதியைச் சேர்க்க ஒரே வேலையை ஐந்து முறை செய்ய வேண்டும். 2018இல் தலைமைக்கு வந்த இயன் ஸ்மால் இந்தச் சிக்கலை மறைக்காமல் பேசினார். பொதுவான நிரலின் மேல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். 2020இல் 10ஆம் பதிப்பு வந்தது.

முடிவு சரியானது. நாட்குறிப்பும் வேலைப்பட்டியலும் வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை முக்கியம்: காலையில் போனில் எழுதியது மாலையில் கணினியில் அப்படியே இருக்க வேண்டும். ஒத்திசைவு விதிகளை ஐந்து இடத்தில் எழுதினால் ஐந்து விதமாகத்தான் பிழை வரும்.

ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் பழைய பயனர்கள். கணினிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் நோட்டுப்புத்தகங்கள் போயின. மேக்கில் ஆப்பிள்ஸ்கிரிப்ட் கொண்டு அன்றாட வேலைகளைத் தானியங்கியாக்கியிருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. கணினிப் பதிப்பு எலெக்ட்ரான் என்ற கட்டமைப்பில் அமைந்தது. அதாவது, செயலியோடு ஒரு முழுக் குரோமியம் உலாவியும் சேர்ந்தே வருகிறது. நாலு வரி குறிக்க இவ்வளவு சுமையா என்று கேட்டவர்கள் பக்கம்தான் நான். பழைய பதிப்பை 2024 வரை விட்டுவைத்தது நிறுவனம் செய்த நல்ல காரியம்.

அப்படியானால் எதைப் பொதுவாக்கலாம்? கடவுச்சொல் காக்கும் செயலியான 1பாஸ்வேர்டு 8 மையப் பகுதியை ரஸ்ட் மொழியில் ஒரே முறை எழுதி, போன்களில் திரையை மட்டும் அந்தந்தக் கருவிக்குரிய முறையில் அமைத்தது. எனக்கு இது பிடித்த பிரிவினை. இதுவும் இலவசமல்ல. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் சி++ நிரலைப் பொதுவாக வைத்திருந்த கோப்புச் சேமிப்பு நிறுவனமான டிராப்பாக்ஸ், அதைக் கைவிட்ட காரணத்தை 2019இல் விளக்கியது: அதற்கான தனி நிரலாக்கக் கருவிகளைக் கட்டிப் பராமரிக்கும் செலவு, இரண்டு முறை எழுதும் செலவை மிஞ்சிவிட்டது.

இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இந்தக் கணக்கு மாறும். ஒரே நிரலைப் பல கருவிகளில் ஓட்டும் ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ இல்லாமல் அவர்களால் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச்சேரவே முடியாது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: திரையை எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள், பயனர் எழுதிவைத்ததை எந்நேரமும் முழுதாக வெளியே எடுத்துச்செல்ல முதல் பதிப்பிலேயே வழி வையுங்கள்.