மீன்குஞ்சும் கோழிக்குஞ்சும்

ஆங்கிலத்தில் 'ஃப்ரை' என்றொரு சொல் உண்டு. பொரிப்பதைக் குறிக்கும் 'ஃப்ரை' அல்ல; அது பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். இது மீன்குஞ்சைக் குறிப்பது. விதை எனப் பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லொன்றோடு இதனைத் தொடர்புபடுத்துவார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் சால்மன் சிலகாலம் தன் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருவிலேயே உயிர்வாழும். அது தீர்ந்து, தானாக இரைதேடத் தொடங்கும்போதுதான் அதற்கு இந்தப் பெயர்.

இதிலிருந்து வந்த 'ஸ்மோல் ஃப்ரை' என்ற வழக்குக்கு இரண்டு பொருள். ஒன்று சிறுபிள்ளைகள். மற்றது, பொருட்படுத்தத் தேவையில்லாத ஆட்கள். பெரிய கடத்தல்காரன் தப்பிவிட, பொலிஸாரிடம் அகப்படும் எடுபிடிகள் ஆங்கிலப் பத்திரிகைகளில் 'ஸ்மோல் ஃப்ரை' ஆவார்கள். மீன்குஞ்சு ஆயிரக்கணக்கில் பொரிப்பது. ஒன்று குறைந்தால் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றுக்கும் பலவற்றுக்கும் இச்சொல் 'ஃப்ரை' தான்.

ஏறத்தாழ 1606இல் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், நாலாம் அங்கம் இரண்டாம் காட்சியில் இச்சொல் வருகிறது. மக்டஃப் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான். தகப்பனில்லாமல் எப்படிப் பிழைப்பாய் என்று தாய் கேட்க, பறவைகளைப் போலக் கிடைத்ததைக் கொண்டு என்கிறான் சிறுவன். பிறகு கொலைஞர்கள் வருகிறார்கள். தகப்பன் துரோகி என்கிறான் ஒருவன். பொய் என்று பையன் எதிர்த்து நிற்கிறான். கொலைஞன் அவனை முட்டை என்கிறான், அடுத்து, துரோகத்தின் பெயரோடு சேர்த்து 'ஃப்ரை' என்கிறான், குத்திவிடுகிறான்.

தாயும் மகனும் பறவைகளைக் கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். கொலைஞனின் வாயில் பறவை மீனாகிவிடுகிறது. முகமுள்ள ஒரு பிள்ளையைக் கூட்டத்தில் ஒன்றாக்கிய பிறகே கத்தி இறங்குகிறது.

அடுத்த காட்சி இங்கிலாந்தில். அந்நிய மண்ணில் நிற்கும் மக்டஃபுக்குச் செய்தி வருகிறது. நம்பமுடியாமல் எல்லோருமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். தன் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகளாகவும், மனைவியைத் தாய்க்கோழியாகவும், கொன்றவனைப் பருந்தாகவும் சொல்லி அழுகிறான். ஊரிலிருந்து வரும் செய்திக்காகத் தொலைபேசியருகே விழித்திருந்த எம்மவருக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

தமிழில் இந்த இரண்டு இடத்துக்கும் நம்மிடம் உள்ள சொல் 'குஞ்சு'. முதலாவதற்கு 'வித்து' என்று போடலாம். வசைக்கும் அது பொருந்தும், மூலச்சொல்லின் விதைக்கும் பொருந்தும். ஆயினும் 'மீன்குஞ்சு' என்றே மொழிபெயர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது எங்கள் பழமொழி. தகப்பனின் திறமை பிள்ளைக்கு வரும் என்று மெச்சுவதற்கு அதைச் சொல்கிறோம். கொலைஞனின் தர்க்கமும் அதுவேதான். திறமை இருந்த இடத்தில் அவன் குற்றத்தை வைக்கிறான், அவ்வளவே. எங்கள் செல்லப் பழமொழிக்குள் அந்தக் கத்தியும் இருந்திருக்கிறது என்பதைத் தமிழ் வாசகன் உணரவேண்டும்.

2009 வரை நீண்ட எமது யுத்தத்தில் அரசிடம் 'பயங்கரவாதி' என்றொரு சொல் இருந்தது. எங்களிடம் 'துரோகி' என்றொரு சொல் இருந்தது. இரண்டும் சுட்டிய ஆளோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் போயின, பிள்ளைகள் மீதும் ஒட்டிக்கொண்டன. அவர்களை எண்ணியவர்கள் குறைவு. கொலைஞன் வாயில் வசையாக வந்த குஞ்சு, அடுத்த காட்சியில் தகப்பன் வாயில் அழுகையாகத் திரும்பி வருகிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். தமிழில் ஒரே சொல்லாக அது ஒலிக்கட்டும்.